டயரில் மலைச் சின்னம் இருக்கிறதா?

கனடாவில் குடும்பக் காருக்கு டயர் வாங்குகிறவர்கள் 'ஆல் சீசன்' என்ற பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அந்த ரப்பர் இறுகி, சாலையில் பிடிமானம் குறையத் தொடங்கும். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதனுள் பனித்துகளும் பொறித்த சின்னத்தைத் தேடுங்கள். பனியில் இழுவைச் சோதனையில் தேறிய டயருக்கே அது கிடைக்கும். சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று குறிக்கும் 'எம் பிளஸ் எஸ்' (M+S) என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் போதாது. ஆண்டு முழுவதும் ஒரே டயர்தான் வேண்டுமென்றால் இந்தச் சின்னமுள்ள 'ஆல் வெதர்' வகையே என் தேர்வு. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரையிலான குளிர்கால டயர் சட்டத்துக்கும் அது செல்லும்.

பிள்ளைகள் ஏறும் வண்டி. தயவுசெய்து நான்கு சக்கரங்களுக்கும் ஒரே வகையைப் போடுங்கள். முன்சக்கரங்களுக்கு மட்டும் மாற்றினால், பனி படிந்த வளைவில் பின்பக்கம் சறுக்கிவிடும்.