டேப்லட்டில் சார்ஜ் ஏறவில்லையா? முதலில் பல்குத்தி, ஸ்க்ரூடிரைவர் அப்புறம்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் அக்கா போன மாதம் ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிட்டாள். "டேய், பாப்பாவோட டேப் செத்துப்போச்சுடா. ராத்திரி முழுக்கப் போட்டும் ஒரு பொட்டு ஏறல. கடையில போர்டு போயிடுச்சு, 4,500 ஆகும்கிறாங்க." மறுநாள் பல்குத்தி, டார்ச், பழைய பல் துலக்கும் பிரஷ் மூன்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்குச் செய்த வரிசையையே இங்கே எழுதுகிறேன். இதற்கு முன் ஒரு பியூஸ்கூடப் போட்டதில்லை என்றாலும் செய்யலாம்.

கை வைக்கும் முன்

டேபை சமமான மேசையில் மல்லாக்கப் போடுங்கள். தட்டினால் பம்பரம் மாதிரி சுற்றினாலோ, திரை ஓரம் பிளந்து வெளிச்சம் தெரிந்தாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், நேராகச் சர்வீஸ் கடைக்குப் போங்கள். உப்பிய லித்தியம் பேட்டரியில் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும். மீதிப் படிகள் உங்களுக்கு இல்லை.

படி 1: சுவரிலிருந்து தொடங்குங்கள்

அதே பிளக் பாயிண்டில் வேறு எதையாவது செருகிப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் சுவிட்ச் ஆஃபில் இருப்பது தெரியாமல் அரை மணி நேரம் போனை நோண்டியவன் நான்.

அப்புறம் அடாப்டரில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். அவுட்புட் என்ற வரியில் 5 வோல்ட், 2 ஆம்பியராவது இருக்க வேண்டும். பழைய பட்டன் போன் சார்ஜரும், கம்ப்யூட்டரின் சாதாரண யூஎஸ்பி துளையும் பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் தரும், அதாவது இரண்டரை வாட். 6,000 மில்லி ஆம்பியர்-மணி (mAh) பேட்டரி என்றால் உள்ளே சுமார் 22 வாட்-மணி. அதை இரண்டரையால் வகுத்தால் ஒன்பது மணி நேரம் வரும், சூடாக வீணாவதையும் சேர்த்தால் பத்தைத் தாண்டும். நடுவில் பாப்பா வீடியோ போட்டால் ஏறுவதைவிட இறங்குவதே அதிகம். டேப் கெட்டுவிட்டது என்று வருகிற புகாரில் பாதி இந்த ரகம் என்பது என் அனுபவம்.

படி 2: கேபிள்

வேறு கேபிள் போடுங்கள். ஆனால் அடாப்டரையும் சேர்த்து மாற்றாதீர்கள். இரண்டையும் மாற்றி வேலை செய்துவிட்டால் எது கெட்டது என்று தெரியாமலே போகும்.

படி 3: சார்ஜ் பின்

வேலையே இங்கேதான், டேபில் கேபிள் செருகும் துளையில். கேபிளைச் செருகும்போது "டக்" என்று உட்கார வேண்டும். அக்காவின் டேபில் அது ஒரு மில்லிமீட்டர் வெளியே துருத்திக்கொண்டு நின்றது, தொட்டால் ஆடியது. ஆட்டத்தைப் பார்த்துத்தான் கடையில் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

டேபை முழுதாக ஆஃப் செய்துவிட்டு, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். யூஎஸ்பி-சி என்றால் நடுவில் நாக்கு மாதிரி ஒரு மெல்லிய தகடு இருக்கும். அதன் இரு பக்கமும் சேர்த்து 24 தொடுமுனைகள். அதைப் பல்குத்தியால் தொடவே கூடாது. மரப்பல்குத்தியின் நுனியை பிளேடால் தட்டையாகச் சீவி, நாக்குக்கும் வெளிச்சுவருக்கும் இடையே விட்டு, அடியிலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக இழுங்கள். ஊசி, சேஃப்டி பின், ஹேர்பின் எதுவும் வேண்டாம். இரும்பு இரண்டு முனையைச் சேர்த்துத் தொட்டால் நல்ல டேப் அப்போதுதான் நிஜமாகவே கெடும்.

முதல் இழுப்பில் ஒன்றும் வரவில்லை. மூன்றாவதில் சாம்பல் நிறத்தில் சின்னக் கம்பளித் துண்டு மாதிரி ஒன்று சுருண்டு வந்தது. பள்ளிப் பையின் நூல்தூசி, கேபிள் உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும் இடிபட்டு இடிபட்டுக் கெட்டிப்பட்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் நடுவே கடல் மணல் இரண்டு பொடி. சில்வர் பீச்சுக்கு டேபை எடுத்துப்போன கதை அப்புறம்தான் வெளியே வந்தது.

கடலோர வீடுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக்காற்று பட்டுப் பட்டு முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்துவிடும். அதற்கு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் வாங்கி, பிரஷ் நுனியை லேசாக நனைத்துத் தட்டித் தேயுங்கள். கால் மணி நேரம் காய விடுங்கள். சானிடைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும். தேங்காய் எண்ணெய் விட்டவரையும் பார்த்திருக்கிறேன். நனைந்த டேபை அரிசி டப்பாவில் புதைக்கவும் வேண்டாம். அரிசிப் பொடி இதே துளைக்குள்தான் போகும்.

சுத்தம் செய்த பிறகும் கேபிளை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் ஏறுகிறது என்றால் சார்ஜ் பின் தேய்ந்துவிட்டது. அதை மாற்றத்தான் வேண்டும்.

படி 4: பொறுமை

வாரக்கணக்கில் காலியாகக் கிடந்த டேப் உடனே எழுந்திருக்காது. பேட்டரியின் வோல்டேஜ் 3-க்கும் கீழே இறங்கியிருந்தால், சார்ஜிங் சர்க்யூட் முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் கரண்ட் விடும். திரை கறுப்பாகவே இருந்தாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் தொடாமல் விடுங்கள். 2024-இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு என் பழைய டேப் இப்படித்தான் உயிர் பெற்றது. அதற்கும் மசியாவிட்டால் பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து இருபது விநாடி அழுத்துங்கள். ஹோம் பட்டன் உள்ள ஐபேடில் அதையும் மேல் பட்டனையும் ஆப்பிள் சின்னம் வரும்வரை அழுத்த வேண்டும்.

அக்னி நட்சத்திர வெயிலில் சூடாகி சார்ஜ் நின்றால் அது கோளாறு இல்லை, பாதுகாப்பு. 80 சதவீதத்தில் நின்றால் செட்டிங்ஸில் பேட்டரி பாதுகாப்பு ஆனாகியிருக்கிறதா பாருங்கள்.

சரி, நாமே பிரிக்கலாமா?

என் மச்சான் பிரித்தே ஆக வேண்டும் என்பார். "காசு குடுத்து வாங்கினது நான், திறக்க இன்னொருத்தர் யார்?" நியாயம்தான். ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி வைக்க வேண்டும் என்று சட்டமே வந்திருக்கிறது. நம் ஒன்றிய அரசும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் திறந்தது. பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிவிட்டு, புதுசு வாங்கு என்று சொல்லும் கம்பெனிகள் மீது எனக்கும் கோபம் உண்டு.

ஆனால் கோபம் வேறு, கைப்பழக்கம் வேறு. பல டேப்களில் திரையைச் சூடாக்கி, பசை இளகிய பிறகு நெம்பித்தான் உள்ளே போக முடியும். கொஞ்சம் சாய்ந்தால் கண்ணாடி போச்சு. இன்னும் கொஞ்சம் ஆழமாய்ப் போனால் பேட்டரியில் குத்தும். பழைய ஐபேடுகள் பலவற்றில் சார்ஜ் பின் மெயின் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கிறது, அது வீட்டு வேலையே இல்லை. பின்பக்கம் பிளாஸ்டிக் மூடி உள்ள மலிவான டேப், வாரண்டியும் முடிந்தது, போனால் போகட்டும் என்றால் பழைய ஏடிஎம் கார்டை வைத்துத் திறந்து பழகுங்கள். பிள்ளை படிக்கிற ஒரே டேபில் பழக வேண்டாம்.

கடைக்குப் போவதென்றால் சிம், மெமரி கார்டைக் கழற்றிக்கொள்ளுங்கள். "என்ன ஆகும்" என்று கேட்காமல், "பின் மட்டும் மாத்தினா எவ்வளவு, போர்டு போச்சுன்னு எதை வெச்சு சொல்றீங்க" என்று கேளுங்கள். கழற்றிய பழைய பின்னையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.