ஹீட்டர் கோடு வந்தால் சென்சாரைத்தான் மாற்ற வேண்டுமா?

மண்டபம், பாம்பன், தொண்டி என்று கடலோரத்திலேயே ஓடும் கார்களில் செக் என்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0135 அல்லது பி0141 என்ற பழுதுக் குறியீடு (கோடு) வந்துவிட்டால், பலர் உடனே, புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் புதிதாக ஒன்றுக்குச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கோடு, சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டரின் சர்க்யூட்டில் பழுது என்று மட்டுமே சொல்கிறது. அந்தச் சர்க்யூட்டில் ஃப்யூஸ், ரிலே, வயர், கனெக்டர், இசிஎம் (என்ஜினை இயக்கும் கணினி) தரும் எர்த் எல்லாம் அடக்கம். இரண்டு கோடுகளையும் குழப்பிக்கொண்டு நல்ல சென்சாரைக் கழற்றுவதும் நடக்கிறது. பி0135, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள சென்சாரையும், பி0141 அதற்குப் பின்னால் உள்ள சென்சாரையும் குறிக்கும்.

முதலில் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். கச்சான் காற்று உப்பை வாரி இறைக்கும் இந்தக் கரையில், ரப்பர் சீல் சற்றுத் தளர்ந்திருந்தாலே பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். பெரும்பாலான நான்கு வயர் சென்சார்களில் ஒரே நிறத்தில் உள்ள இரண்டு வயர்கள்தாம் ஹீட்டருடையவை. சென்சார் ஆறியிருக்கையில் அவற்றுக்கிடையே சில ஓம் காட்டினால் ஹீட்டர் கம்பி அறுபடவில்லை என்று கொள்ளலாம். சரியான அளவுக்கு அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகமே ஆதாரம்.

அடுத்த தவறு, மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டியதும் சப்ளை நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுவது. மீட்டர் கரண்ட் இழுப்பதே இல்லை என்பதால், உப்பு அரித்து ஒரே ஓர் இழை மிஞ்சிய வயரும் அதற்கு முழு வயராகத்தான் தெரியும். என்ஜின் ஓடும்போது, சப்ளை பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை மாட்டிப் பார்த்தால், அது மங்கி எரிவதிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். இசிஎம் பக்கத்துப் பின்னில் இந்தப் பல்பை மாட்டக் கூடாது.

ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போனால், அதைவிடப் பெரிய ஆம்பியரில் ஒன்றைச் செருகுவது வயரிங்கை எரிப்பதற்கு வழி. வயர் சைலன்சரில் பட்டு உருகியிருக்கிறதா என்று தேடுவதே முறை. அறுந்த சென்சார் வயரைச் சால்டர் வைத்து ஒட்டுவதும் ஆகாது, ஏனெனில் பல சென்சார்கள் புகையோடு ஒப்பிடத் தேவையான வெளிக்காற்றை அந்த வயரின் இழைகளுக்கிடையே உள்ள இடைவெளி வழியாகத்தான் இழுக்கின்றன. கிரிம்ப் (நசுக்கிப் பொருத்தும்) இணைப்பே பொருத்தம். கனெக்டருக்குள் கிரீஸ் அப்புவதையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும்.

அரிச்சல்முனை போய்வந்த சூட்டோடு அடிப்பாகத்தில் பிரஷர் தண்ணீர் அடிப்பவர்களும் உண்டு. உப்பைக் கழுவ வேண்டியதுதான், ஆனால் சைலன்சர் ஆறிய பிறகு, அதுவும் உவர்ப்பில்லாத தண்ணீரில். கொதிக்கும் சென்சாரின் பீங்கான் திடீர்க் குளிர்ச்சியில் விரிசல் விடும்.

ஸ்கேனரில் பழுதுக் குறியீட்டை அழித்ததும் விளக்கு அணைந்துவிட்டது என்று வண்டியை ஒப்படைப்பது கடைசித் தவறு. ஓடிச் சூடான வண்டியில் புகையின் வெப்பமே சென்சாரைக் காய்ச்சிவிடும் என்பதால், ஹீட்டர் வேலை செய்கிறதா என்பது அப்போது தெரியாது. இரவு முழுவதும் நிறுத்திவைத்து, காலையில் குளிர்ந்த என்ஜினைக் கிளப்பி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஸ்கேனரை மறுபடியும் மாட்டிப் பாருங்கள்.