புது வீட்டுக்குச் சாமான் வாங்குமுன் கவிழ்த்துப் பாருங்கள்

புது வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் கடைக்கு ஓடாதீர்கள். முதல் இரண்டு வாரத்துக்குப் படுக்க ஒரு மெத்தை, உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அடுப்பு, மின்விசிறி போதும். மதியம் எந்த ஜன்னலில் வெயில் அடிக்கிறது, சாயங்காலம் எந்தப் பக்கம் காற்று வருகிறது, குளியலறையை ஒட்டிய சுவர் எங்கே ஓதம் காட்டுகிறது என்பதெல்லாம் அங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும். ஓதமுள்ள சுவரில் மர அலமாரியைச் சாய்த்து வைத்தால் ஒரு மழைக்காலத்திலேயே பின்பலகையில் பூஞ்சை ஏறிவிடும்.

நான் பெரம்பூர்க்காரி. அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் ஃபர்னிஷிங் பிரிவில் மரவேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த நாற்காலி, மேசையானாலும் முதலில் கவிழ்த்து அடிப்பக்கம் பார்க்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே எங்களுக்குப் பழக்கியவர் அவர். அதனாலேயோ என்னவோ, சொந்தத்தில் யார் வீடு மாறினாலும் சாமான் பார்க்க என்னையும் அழைத்துப் போவார்கள். போன தையில் அண்ணன் மகள் மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீட்டுக்குக் குடி போனாள். “அத்தை, இருக்கிற காசில் எது முதல்ல வாங்கணும், எங்க வாங்கணும்னு மட்டும் சொல்லுங்க” என்றாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சென்னையில் குறைந்த விலைக்கு நல்ல சாமான் வேண்டுமென்றால், பழைய கெட்டி மரத்தை வாங்கி ஆசாரியிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. புதுக் கடையில் நாற்காலியோடு சேர்த்து மலிவாகக் கிடைக்கும் சாப்பாட்டு மேசை பெரும்பாலும் மரத்தூளையும் சில்லுகளையும் பசை போட்டு அழுத்திய பலகை. அதே பணத்துக்கு முப்பது வருஷம் உழைத்த தேக்கு மேசை கிடைக்கும், இன்னும் முப்பது வருஷம் உழைக்கும்.

முதலில் அளவு

கோலமாவை எடுத்துக்கொண்டு வெறும் தரையில் கட்டிலின் அளவைக் கோடு போட்டுப் பாருங்கள். குயின் சைஸ் கட்டிலுக்கு மெத்தை 60 இன்ச்சுக்கு 78, கிங் சைஸுக்கு 72-க்கு 78. சட்டத்துக்கு நாலு பக்கமும் இன்னும் சில இன்ச் சேரும். கோட்டைச் சுற்றி நடந்து பாருங்கள், அலமாரிக் கதவைத் திறப்பதுபோல் கையை வீசிப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறையில் கிங் சைஸ் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் நடக்கும் வீடுகள் இந்த ஊரில் ஏராளம். சாப்பாட்டு மேசைக்கு உயரம் இரண்டரை அடி, நாற்காலி உட்காரும் உயரம் ஒன்றரை அடி. நாற்காலியைப் பின்னால் இழுத்து எழுந்திருக்க மூன்று அடி இடம் விடுங்கள்.

அப்புறம் வாசல் கதவு, படிக்கட்டுத் திருப்பம், லிப்ட் உள் அளவு. மூன்றையும் செல்போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டிலைக் கழற்றி ஏற்றலாம். ஒரே துண்டாகச் செய்த மூன்று பேர் சோபாவை ஒன்றும் செய்ய முடியாது.

பழைய மரம் எங்கே கிடைக்கும்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பழைய டிரங்க் சாலையில் செடியிலிருந்து பழைய மிக்ஸி வரை பரப்பியிருப்பார்கள். மரச் சாமானுக்குப் போவதென்றால் காலையிலேயே போங்கள், நல்லது முதலில் போய்விடும். சாயங்காலம் விலை இறங்கும் என்பது உண்மை, ஆனால் அப்போது மிச்சம் இருப்பதைத்தான் பேரம் பேச வேண்டியிருக்கும். ஸ்டூல், சின்ன அலமாரி, மடக்கு நாற்காலி, கண்ணாடிச் சட்டம் இவற்றுக்கு அந்தச் சந்தை போல வேறு இடம் எனக்குத் தெரியாது. பெரிய கட்டிலை அங்கே தேட மாட்டேன்.

பெரிய சாமானுக்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்கள்தான் நல்ல இடம். ஓ.எம்.ஆர். பக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி எங்கும் ஐ.டி. வேலையில் இருப்பவர்கள் திடீரென்று பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ மாற்றலாகிப் போவார்கள். அவர்களுக்கு விலையைவிட வீடு காலியாவது முக்கியம். பள்ளி முடியும் ஏப்ரல், மே மாதங்களில் குழுவில் யாரையாவது தெரிந்து வைத்துக்கொண்டு சொல்லி வையுங்கள். பழைய சாமான் விற்கும் ஓ.எல்.எக்ஸ். இணையதளத்தில் பார்ப்பவர்கள் நேரில் சாமானைப் பார்க்குமுன் ஒரு ரூபாய்கூட முன்பணம் அனுப்ப வேண்டாம். “ஆர்மியில் இருக்கேன், அவசர டிரான்ஸ்பர்” என்று சொல்லி க்யூ.ஆர். கோடு அனுப்பினால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு யாரும் க்யூ.ஆர். ஸ்கேன் செய்யத் தேவையில்லை.

இன்னொரு வழி, போகிக்கு முந்தைய வாரங்கள். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மாம்பலம் பக்கத்துப் பழைய வீடுகளில் பரண் காலியாகும் நேரம் அது. தாத்தா காலத்து எழுதுமேசையும் கைப்பிடி நாற்காலியும் காயலான் கடைக்குப் போய்ச் சேரும். உங்கள் தெருக் காயலான் கடைக்காரரிடம் நம்பர் கொடுத்து, “அண்ணே, கெட்டி மரம் ஏதாவது வந்தா உடைக்கறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணுங்க” என்று சொல்லி வையுங்கள். அவர் அதை விறகு விலைக்கு எடுத்திருப்பார். அண்ணன் மகளின் எழுதுமேசை இப்படி வந்ததுதான். வேங்கை மரம், இரண்டு இழுப்பறை, ஒரு கால் மட்டும் ஆட்டம்.

எப்படிப் பார்ப்பது

கவிழ்த்துப் பாருங்கள் என்றேன். கவிழ்த்தால் என்ன தெரியும்? மேலே வார்னிஷ் எதையும் மறைக்கும், அடியில் மரம் மரமாகவே இருக்கும். ஒரு கட்டையின் நுனியைச் செதுக்கி இன்னொன்றின் துளைக்குள் இறக்கியிருந்தால் நல்ல வேலை. வெறும் ஆணியும் இரும்புப் பட்டையும்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றால் கால் மறுபடி ஆடும். இழுப்பறையை முழுசாக வெளியே உருவி மூலையைப் பாருங்கள். இரண்டு கை விரல்களைக் கோத்ததுபோல் பலகைகள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டியிருந்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

மேசைப் பலகையின் வெட்டு முனையைப் பாருங்கள். கெட்டி மரமென்றால் மேலே ஓடும் வரிகள் முனையில் வளைய வளையமாக முடியும். மேலே ஒரு வரி, முனையில் சம்பந்தமில்லாத இன்னொரு வரி, நடுவில் மெல்லிய ஒட்டுக்கோடு என்றால் அது மேலே ஒட்டிய தாளோ, வெனீர் என்னும் மெல்லிய மரத் தகடோதான். ஒரு பக்கத்தைத் தூக்கி கனமும் பாருங்கள். ஆனால் கனத்தை மட்டும் நம்பாதீர்கள், மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையும் நல்ல கனம்தான்.

பூச்சி விஷயத்தில் கரையானையும் உளுப்பூச்சியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கரையான் மண்ணால் குழாய் கட்டி ஏறும், உள்ளே தின்றுவிட்டு மேல்தோலை மட்டும் விட்டு வைக்கும். விரல் மடக்கித் தட்டினால் பொக்கென்று கேட்கும். உளுப்பூச்சி குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை போடும், கீழே மாவு கொட்டும். ஓட்டை இருந்தாலே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அடியில் கறுப்புத் துணி விரித்துச் சாமானைத் தட்டுங்கள். வெளிர் நிறத்தில் புது மாவு உதிர்ந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது, விட்டுவிடுங்கள். எதுவும் உதிராமல் ஓட்டை பழசாக அழுக்கேறி இருந்தால் மருந்தடித்து வாங்கலாம். தேக்கை பூச்சி தொடாது என்று கடைக்காரர் சொன்னால் பாதிதான் நம்ப வேண்டும். வைரம் பாய்ந்த கட்டையைத்தான் தொடாது. ஓரத்து வெளிர்ப் பகுதியை நன்றாகவே தின்னும்.

ஆசாரியை வைத்து வேலை பார்க்கும்போது தினக்கூலியா, மொத்தப் பேச்சா, பாலிஷ் சாமான் யார் பொறுப்பு என்று முதலிலேயே பேசி முடியுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குத்தான் நேரம் போகும், அதில் அவசரப்படுத்தாதீர்கள். ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: ஐப்பசி, கார்த்திகையில் அரக்குப் பாலிஷ் போட விடாதீர்கள். காற்றில் ஈரம் அதிகம் இருக்கும்போது அரக்கைக் கரைத்த ஸ்பிரிட் உலர்ந்தால் மேலே வெண்படலம் படியும். மாசி, பங்குனி நல்ல காலம். அண்ணன் மகள் ஆறு பேர் உட்காரும் தேக்கு மேசையை 6,500 ரூபாய்க்கு வாங்கினாள், ஆசாரி கூலியும் பாலிஷும் சேர்த்து 4,000 ஆனது. நாற்காலிகள் தனியாக, வேறு வேறு வீட்டிலிருந்து வந்தவை. ஒரே நிறத்தில் பாலிஷ் ஏற்றியதும் கூடப் பிறந்தவைபோல் ஆகிவிட்டன.

புதிதாக வாங்க வேண்டியவை

மெத்தையைப் பழசாக வாங்காதீர்கள். மூட்டைப்பூச்சி வீட்டுக்குள் வருவதற்கு அதுவே ராஜபாட்டை. இலவம்பஞ்சு மெத்தை நம் வெக்கைக்கு இதமாக இருக்கும், ஆனால் வெயிலில் போட்டு எடுக்க மொட்டைமாடி வேண்டும். சோபாவில் உட்காரும் பகுதிக்கு 40 டென்சிட்டி ஃபோம் கேளுங்கள், முதுகுக்கு 32 போதும். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதே அந்த எண். குறைந்த எண் போட்டால் ஒரு வருஷத்தில் குழி விழும்.

கடையில் “இன்ஜினியர்டு வுட்” என்றால் உள்ளே என்ன பலகை என்று அடுத்த கேள்வி கேளுங்கள். மரத்தூளும் சில்லும் அழுத்திய பார்ட்டிகிள் போர்டு தண்ணீர் குடித்தால் ஊதும், காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. ஒரு தடவை கழற்றிய ஸ்க்ரூ இரண்டாவது தடவை அதில் சரியாகப் பிடிக்காது. வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு அது ஆகாது. பிளைவுட்டில் எம்.ஆர். என்ற தரம் காற்று ஈரத்தைத் தாங்கும், அவ்வளவுதான். சமையலறைக்குத் தண்ணீரை இன்னும் நன்றாகத் தாங்கும் பி.டபிள்யூ.ஆர்., சிங்க்குக்கு அடியில் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளை. கடலோரம் பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈ.சி.ஆர். பக்கம் இருப்பவர்கள் கீலையும் கைப்பிடியையும் 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போட்டுக்கொள்ளுங்கள். உப்புக் காற்று மற்றதைத் தின்றுவிடும்.

வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேற்கு தாம்பரம், முடிச்சூர் போன்ற இடங்களில் தரைத்தளத்தில் குடியிருந்தால், 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் நினைத்து வாங்குங்கள். தரையோடு ஒட்டிய பெட்டிக் கட்டில் வேண்டாம். உயரக் கால் வைத்த கெட்டி மரக் கட்டில், தகர பீரோ நல்லது. நனைந்த கெட்டி மரத்தை நிழலில் காயவைத்துக் காப்பாற்றலாம். பீரோ வாங்கும்போது தகட்டின் கன அளவான கேஜ் கேளுங்கள்: எண் குறையக் குறையத் தகடு கனம் கூடும். 20 கேஜ் நல்லது, 22 பரவாயில்லை. அதற்கு மேல் போனால் கதவை நடுவில் விரலால் அழுத்தினாலே உள்ளே போகும்.

ஆடியில் யாரும் புது வீடு குடி போக மாட்டார்கள், கடையில் கூட்டம் குறைவு. போட்டிருக்கும் தள்ளுபடிக்கு மேலும் பேசலாம், டெலிவரியையும் இலவசமாகக் கேட்கலாம். அளவும் தேவையும் முன்பே எழுதி வைத்திருப்பவர்களுக்குத்தான் ஆடி லாபம்.

அலங்காரம்

இதில் பணத்தைவிடத் துணி முக்கியம் என்பேன். எழும்பூர் பாந்தியன் சாலையில், எல்லோரும் காட்டன் ஸ்ட்ரீட் என்று சொல்லும் இடத்தில், ஏற்றுமதிக்கு மிஞ்சிய திரைத்துணியும் சோபாத் துணியும் மலிவாகக் கிடைக்கும். ஜன்னல் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு துணி எடுத்தால்தான் திரைக்கு மடிப்பு விழும். தைக்கக் கொடுக்குமுன் தண்ணீரில் நனைத்துக் காயவையுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கிவிடட்டும். அதே சாலையில் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது, 1935-இல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவு. தீபாவளித் தள்ளுபடியில் பவானி ஜமுக்காளமும் கைத்தறிப் படுக்கை விரிப்பும் வாங்கிப் போட்டால் வெறும் ஹால் ஒரே நாளில் வீடாக மாறும். ஜமுக்காளத்தின் பட்டை நிறங்களுக்கு முன் எந்தச் செயற்கைக் கம்பளமும் நிற்காது. விருந்தாளி வந்தால் அதிலேயே பத்து பேர் உட்காரலாம்.

சுவருக்கு அச்சடித்த பொன்மொழிப் பலகை வாங்காதீர்கள். அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து, இஞ்சம்பாக்கத்தில் 1966-இல் ஓவியர்கள் சேர்ந்து உருவாக்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்துக்கு ஒரு ஞாயிறு போய் வாருங்கள். ஒன்றும் வாங்காவிட்டாலும் கண் பழகும். கவின் கலைக் கல்லூரி மாணவர்கள் கண்காட்சி வைக்கும்போது சின்னப் படங்கள் நம் கைக்கு எட்டும் விலையில் இருக்கும். மண் சாமானுக்குக் கொசப்பேட்டை. விளக்கு மட்டும் எல்லா அறைக்கும் வெள்ளை வேண்டாம், ஹாலிலும் படுக்கையறையிலும் 3000 கெல்வின் வார்ம் ஒயிட், அதாவது இளமஞ்சள் வெளிச்சம் தரும் பல்பு போடுங்கள். பாலிஷ் போட்ட மரத்தின் நிறம் அந்த வெளிச்சத்தில்தான் எழும்.

ஏற்றி இறக்குவது

சாமான் விலை பேசும்போதே வண்டிக்கூலியையும் மனதில் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி என்றால் மீன்பாடி என்னும் மூன்று சக்கர வண்டி போதும். கட்டில், பீரோ என்றால் குட்டியானை என்னும் சின்ன லாரி. எத்தனையாவது மாடி, லிப்ட் உண்டா, ஏற்றுகிறவர்கள் எத்தனை பேர் என்பதை வண்டி கிளம்புமுன் பேசி முடித்துவிடுங்கள், வாசலில் வந்து பேசினால் நமக்குத்தான் நஷ்டம். கூலியை மேலே கொண்டுவந்து, சொன்ன இடத்தில் வைத்த பிறகு கொடுங்கள். அவர்கள் இருக்கும்போதே எல்லாவற்றையும் சுவரிலிருந்து இரண்டு இன்ச் தள்ளிப் போடச் சொல்லுங்கள். அப்புறம் தனியாளாக பீரோவை நகர்த்த முடியாது.