கார்பெட்டை அப்புறம் விரிக்கலாம்: பழைய மஸ்டாங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை அலுவலகத் தம்பி ஒருவர் கூப்பிட்டார். “அண்ணா, கார் கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சு, வந்து பாருங்க.” டெட்ராய்ட்டுக்கு வடக்கே, என் வீட்டிலிருந்து 20 நிமிடம். போனால் கராஜுக்குள் ஒரு 1967 ஃபோர்டு மஸ்டாங். தம்பி அதற்குள் முழங்காலிட்டு, புதுக் கறுப்பு கார்பெட்டைக் கத்தரித்து விரித்துக்கொண்டிருக்கிறார். கராஜ் முழுக்கப் பசை வாசனை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பத்து வருடத்துக்கு முன் நானும் இதே மாதிரிதான் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தேன்.

“தண்ணி ஊத்திப் பாத்தீங்களா?”

“எங்கண்ணா?”

அந்த “எங்கண்ணா”வுக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். பேட்டரியைக் கழற்று, ஜாக்கை நம்பிக் காருக்கு அடியில் போகாதே, தீயணைப்பானைப் பக்கத்தில் வை என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தரை ஈரமாக இருந்தால் மேலே பாருங்கள்

1965 முதல் 1968 வரையிலான மஸ்டாங்கில் முன் கண்ணாடிக்குக் கீழே, பானெட் முடிகிற இடத்தில், வரிசையாகச் சின்னச் சின்னத் திறப்புகள் இருக்கும். காருக்குள் வெளிக்காற்று போவதற்கான வழி அது. அதற்கு அடியில் காரின் முழு அகலத்துக்கும் ஒரு தகரப் பெட்டி. கவுல் என்பார்கள். மேல் தகடு ஒன்று, கீழ்த் தகடு ஒன்று, இரண்டையும் ஸ்பாட் வெல்டு வைத்து மூடியிருப்பார்கள். கீழ்த் தகட்டில் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு ஓட்டைகள். ஒவ்வொன்றையும் சுற்றிக் கிணற்றுச் சுவர் மாதிரி ஒரு விளிம்பு எழும்பி நிற்கும். காற்று விளிம்பைத் தாண்டி உள்ளே வரும். மழைத் தண்ணீர் தாண்ட முடியாமல் இரண்டு ஓரத்துக்கும் ஓடி, ஃபெண்டருக்குப் பின்னால் கீழே இறங்கிவிடும். நல்ல ஏற்பாடுதான், அந்தச் சுவர் இருக்கிறவரை.

ஐம்பது அறுபது வருடமாக அந்தத் திறப்புகள் வழியே இலையும் பைன் ஊசியும் விழுந்துகொண்டே இருக்கும். அவை விளிம்பைச் சுற்றி மக்கி, ஈரத்தைப் பிடித்து வைக்கும். மூடிய பெட்டி என்பதால் கை போகாது, பிரஷ் போகாது. விளிம்பின் அடி துருப்பிடித்து ஓட்டையானதும் மழைத் தண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி உங்கள் கால்மாட்டில் தேங்கும். அப்புறம் தரைத் தகடு துருப்பிடிக்கும். நாம் பார்ப்பது அந்தத் துருவை மட்டும்தான்.

2014-ல் ஒகாயோவில் ஒரு 1966 ஹார்ட்டாப் வாங்கினேன். 289 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், நல்ல சத்தம், பயணி பக்கத் தரை சல்லடை. விற்றவர், “பழைய கார்னா கொஞ்சம் ஒழுகத்தானே செய்யும்” என்கிற தொனியில் சிரித்தார். நானும் சிரித்தேன். வலப்பக்க ஓட்டைக்கு நேர் கீழே ஹீட்டர் பெட்டி இருப்பதால், தண்ணீர் ஹீட்டரிலிருந்து சொட்டுவது போலவே தெரியும். சரி, ஹீட்டருக்குள் இருக்கிற சின்ன ரேடியேட்டர்தான் ஒழுகுகிறது என்று முடிவுகட்டி அதை மாற்றினேன். விரலால் தொட்டுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். கூலன்ட் வழவழப்பாக இருக்கும், இனிப்பாக வாசனை வரும். என் காரில் சொட்டியது வெறும் மழைத் தண்ணீர்.

அப்புறம் இரண்டு பக்கமும் தரையை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்தேன். ஒரு குளிர்காலம் முழுக்க அந்த வேலைதான். வெளியே கொடுத்து பெயின்ட் அடிக்க 6,000 டாலர். பிறகு கார்பெட். ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை வுட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் ஊர்வலமாகப் போகும் வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸ் நடக்கும். மனைவியைக் கூட்டிக்கொண்டு பெருமையாகப் போனேன். திரும்பும்போது கோடை மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, “ஏங்க, என் செருப்பு நனையுது” என்றாள்.

கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதுவும் பாலிஷ் போட்டுத் துடைத்திருக்கிறேன்.

இதை முறையாகச் சரிசெய்ய என்னென்ன கழற்ற வேண்டும் தெரியுமா? பானெட், இரண்டு ஃபெண்டர், வைப்பர், முன் கண்ணாடி, டேஷ்போர்டின் உள்சாமான்கள், ஹீட்டர். அதன் பிறகு மேல் தகட்டைப் பிடித்திருக்கும் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு விடுவிக்க வேண்டும். நூறைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். தகடு கழன்று வந்தபோது உள்ளே ஒரு கூடை மக்கிய இலை, ஏதோ ஓர் அணில் சேர்த்து வைத்த ஓக் கொட்டைகள், அவற்றுக்கு அடியில் யாரோ எப்போதோ ஊற்றிய கூரைத் தார். எனக்கு முன்னால் இதே தண்ணீரோடு மல்லுக்கட்டிய யாரோ ஒருவருடைய வேலை. தாரும் துருவும் பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தன. கீழ்த் தகட்டை மாற்றி, மேல் தகட்டைத் திரும்ப வெல்டு செய்தபோது கண்ணாடிக்குக் கீழே இருந்த புதுப் பெயின்ட் கருகிக் கொப்பளித்தது. ஆகவே இரண்டாவது முறை பெயின்ட். இரண்டாவது முறை கார்பெட். எரிச்சல் பணத்தால் வந்ததல்ல. ஒரு தோட்டத்துக் குழாயும் பத்து நிமிடமும் போதுமாக இருந்ததே என்பதால் வந்தது. இன்றைக்கும் ஆறவில்லை.

சோதனை இதுதான். ஒருவர் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, டார்ச்சோடு படுத்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் குழாயை மெதுவாகத் திறந்து முதலில் ஒரு பக்கத் திறப்பில் விட வேண்டும், பிறகு மறுபக்கம். தண்ணீர் முன்சக்கரத்துக்குப் பின்னால், கதவுக்கு முன்னால் தரையில் வழிந்தால் நல்லது. உள்ளே ஒரு சொட்டு விழுந்தாலும் காரின் விலையை வேறு மாதிரி பேச வேண்டும். ஊற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் வீட்டுக்குத் திரும்பி விடுங்கள். ஓட்டை மீது பசை வைத்து ஒட்டும் பிளாஸ்டிக் மூடிகளும் விற்கிறார்கள். தகடு திடமாக இருந்தால் கொஞ்ச காலம் தாங்கும். துரு பரவிய தகட்டில் பசை எதைப் பிடித்துக்கொள்ளும்?

தம்பி காரிலும் ஊற்றினோம். இடப்பக்கம் சுத்தம். வலப்பக்கம் நாலாவது நிமிடத்தில் முதல் சொட்டு. இருவரும் ஒன்றும் பேசவில்லை. கார்பெட்டைச் சுருட்ட நானும் ஒரு கை கொடுத்தேன்.

கதவைக் கழற்றிவிட்டுத் தரையை வெட்டுவது

மஸ்டாங்குக்குத் தனி ஃபிரேம் (அடிச்சட்டகம்) கிடையாது. அதே காலத்து செவ்ரோலே இம்பாலாவில் உடல் ஒரு ஃபிரேமின் மேல் உட்கார்ந்திருக்கும். மஸ்டாங்கில் தரையும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடும்தான் முதுகெலும்பு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டினால் நடுப்பகுதி தொய்யும். கண்ணுக்குத் தெரியாது. புதுத் தகட்டை அந்தத் தொய்விலேயே வெல்டு செய்துவிட்டால் அப்படியே உறைந்துவிடும். கதவை மாட்டும் அன்றைக்குத்தான் மேலே இடிக்கும், கீழே விரல் போகும். கதவுகளை மாட்டி இடைவெளியை அளந்து எழுதி வையுங்கள். கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டு செய்யுங்கள். ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம். கன்வெர்டிபிள் என்றால் கூரையும் இல்லை, இன்னும் கவனம்.

எஞ்சினைப் பெரிதாக்கிவிட்டு பிரேக்கை மறப்பது

ஆறு சிலிண்டர் மஸ்டாங் மலிவாகக் கிடைக்கும். வாங்கி வி8 போட்டுவிடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். ஆறு சிலிண்டர் காருக்குச் சக்கரத்தில் 4 போல்ட், 9 அங்குல டிரம் பிரேக். வி8 காருக்கு 5 போல்ட், 10 அங்குலம். அச்சு, ஸ்பிரிங், ஸ்டியரிங் கம்பிகள் எல்லாமே வேறு. மலிவாக வாங்கியது அங்கேயே கரைந்துவிடும். 1966 வரை பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் ஒற்றை அறை. ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 1967-ல்தான் இரட்டை அறை வந்தது. எஞ்சினைத் தொடுவதற்கு முன் அதை மாற்றுங்கள்.

“பிறவியிலேயே வி8” என்று விற்பவர் சொன்னால் காரில் தொழிற்சாலை பொறித்த அடையாள எண்ணில் (VIN) ஐந்தாவது இடத்தில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். 1966 காரில் அது ஏ, சி, கே என்றால் வி8. டி (T) என்றால் ஆறு சிலிண்டராகப் பிறந்த கார்.

புது கேம்ஷாஃப்டின் முதல் அரை மணி நேரம்

இந்த எஞ்சின்களில் வால்வுகளைத் திறக்க வைக்கும் கேமும், அது தள்ளும் டேப்பெட்டும் ஒன்றோடொன்று உரசிப் பழக வேண்டும். முதல் ஸ்டார்ட்டிலேயே 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏற்றி 20 முதல் 30 நிமிடம் ஓட்ட வேண்டும். ஐடிலில் விட்டுவிட்டு நண்பர்களோடு செல்ஃபி எடுத்தால் கேமின் மேடு தேய்ந்துபோகும். அந்த இரும்புத் தூள் பேரிங்குகளுக்குப் போகும். டைமிங்கை முன்பே சரியாக வைத்து, கார்புரேட்டரில் பெட்ரோல் நிரப்பிவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்தால் கேமில் தடவிய கிரீஸ் வழிந்துவிடும். இன்றைய கார்களுக்கான எண்ணெயில் துத்தநாகச் சேர்மம் குறைவு, அதனால் பிரேக் இன் எண்ணெய் என்று கேட்டு வாங்குங்கள்.

302 வி8 எஞ்சினின் ஃபிளைவீல்

பழையது 28 அவுன்ஸ் சமநிலை, 1980களில் 5.0 என்று விற்ற அதே 302-க்கு 50 அவுன்ஸ். கலக்காதீர்கள்.

இடப்பக்கச் சக்கர நட்

இது மஸ்டாங்கில் இல்லை. நண்பருக்கு உதவப் போகும்போது மாட்டிக்கொள்வீர்கள். 1960களின் பிளிமத், டாட்ஜ் கார்களில் ஓட்டுநர் பக்கமான இடப்பக்கச் சக்கர நட்டுகள் பெரும்பாலும் தலைகீழ் மரை. போல்ட்டின் நுனியில் எல் (L) என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். ஒரு பிளிமத் வேலியன்ட்டில் நீளமான குழாய் மாட்டி, பலம்கொண்ட மட்டும் அழுத்தி இரண்டு போல்ட்டை உடைத்திருக்கிறேன். நான் அழுத்தி அழுத்தி இறுக்கிக்கொண்டிருந்தேன்.

பழைய பாகத்தைத் தூக்கிப் போடுவது

புதியது பொருந்தும்வரை போடாதீர்கள். என் காரின் அசல் பானெட் கீல்கள் இரண்டையும் துருவாக இருக்கிறதே என்று குப்பையில் போட்டுவிட்டு, பளபளப்பான புதுக் கீல்கள் வாங்கி மாட்டினேன். பானெட் இன்றுவரை வலது மூலையில் ஒரு விரல்கடை தூக்கிக்கொண்டே நிற்கிறது. அக்டோபரில் பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் கூடும் பழைய சாமான் சந்தைக்குப் போகும்போதெல்லாம், ஒவ்வொரு கடையிலும் துருப்பிடித்த கீலாகத் தேடுகிறேன்.