சுங்குடி கட்டும் காகித பொம்மை: செய்வது எப்படி?

சின்ன வயதில் மே மாத வெயிலுக்கு எங்களை வெளியே விடமாட்டார்கள். மத்தியானம் முழுக்கத் திண்ணையில் காகித பொம்மைதான். கடையில் வாங்கும் தாளில் பொம்மைக்கு எப்போதும் கவுன்தான் அச்சாகி வரும். மதுரையில் இருந்துகொண்டு, வீட்டில் அம்மாவும் அத்தையும் சுங்குடிச் சேலை கட்ட, என் பொம்மை மட்டும் கவுனில் நிற்பது எனக்குப் பெரிய குறை. அதை இப்போதுதான் தீர்த்துக்கொண்டேன். நீங்களும் செய்து பாருங்கள்.

1. பொம்மை

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை போதும். அச்சில்லாத பக்கத்தில் 15 செ.மீ. உயரத்துக்கு ஓர் உருவம் வரையுங்கள். கைகள் உடம்போடு ஒட்டாமல் கொஞ்சம் விலகி இருக்கட்டும். சேலையைப் பிடித்து நிறுத்தும் சிறு பட்டைகளை, அதாவது காதுகளை, இடுப்பில் மடிக்க இடம் வேண்டும். முகம் வரைய வராதா? இரண்டு புள்ளி, ஒரு வளைவு, நெற்றியில் பொட்டு. பொட்டு வைத்ததும் முகக்களை வந்துவிடும். வெட்டிக்கொள்ளுங்கள்.

2. சேலை

பொம்மையைப் படம் வரையும் வெள்ளைத் தாளில் வைத்து, கழுத்திலிருந்து கால்வரை சுற்றி பென்சிலால் கோடு இழுங்கள். அதற்கு 2 மி.மீ. வெளியே சேலையின் ஓரம். கொசுவம், தோளில் முந்தானை எல்லாம் வரைந்தபின் இரு தோளிலும் இடுப்பின் இரு பக்கமும் 1 செ.மீ. அகலத்தில் நான்கு காதுகள் சேருங்கள். முதல் தடவை நான் வெட்டும் வேகத்தில் காதுகளையும் சேர்த்து வெட்டிவிட்டேன். அவற்றில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவைத்தால் தப்பிக்கலாம்.

3. புள்ளி

எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். நிஜச் சுங்குடியில் துணியைச் சிறு சிறு முடிச்சாக நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்தால் அங்கே புள்ளி. காகிதத்தில் முடிச்சுப் போட முடியாதே! அந்த வேலையை மெழுகு செய்யும்.

வெள்ளை மெழுகுவர்த்தியின் முனையைக் கூராகச் சீவி, தாளில் அழுத்திப் புள்ளி வையுங்கள். கண்ணுக்குத் தெரியாது, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மினுங்கும். அப்புறம் வாட்டர் கலரை நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து ஒரே பூச்சாகப் பூசுங்கள். மெழுகில் தண்ணீர் ஒட்டாது என்பதால் புள்ளிகள் வெள்ளையாக எழுந்து வரும். போஸ்டர் கலர் வேண்டாம். அது கெட்டி, புள்ளியையும் மூடிவிடும். முதல் சேலை அரக்கு நிறத்தில் இருக்கட்டும். அடுத்தது பச்சை, வைகையில் இறங்கும் அழகரின் பட்டு நினைவாக.

ஈரத்தில் தாள் சுருளும். நன்றாகக் காய்ந்தபின் தடிமனான புத்தகத்துக்குள் ஓர் இரவு வைத்துவிட்டு, அப்புறம் வெட்டுங்கள். காதுகளைப் பின்னால் மடித்தால் சேலை நிற்கும்.

4. மல்லிகை

பூ இல்லாமல் மதுரைப் பொம்மையா? பிறை வடிவத்தில் ஒரு சரம் வரைந்து வெட்டி, அதன் இரு முனைகளையும் தலைக்குப் பின்னால் மடித்துவிடுங்கள்.

5. நிற்க வைக்க

தினக் காலண்டர் அட்டையில் 6 செ.மீ. அகலத்துக்கு ஓர் அரைவட்டம் வெட்டுங்கள். அதன் வளைவின் உச்சியில் ஒரு கீறல், பொம்மையின் பாதங்களுக்கு நடுவே ஒரு கீறல். இரண்டையும் குறுக்காகச் செருகினால் நிற்கும்.

விளையாட உட்காருமுன் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். எங்கள் பொம்மைகளின் பாதி கவுன்கள் பீரோவுக்கு அடியில்தான் கிடந்தன.