பாஸ் வந்துவிட்டது, நிமோகாக்கல் ஊசி போட்டாயிற்றா?

சிங்கப்பூருக்கு வெளியே பிறந்த, 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு டிபென்டன்ட் பாஸ் (இங்கே வேலை செய்பவரின் குடும்பத்தினர் தங்குவதற்கான அனுமதி) எடுக்கும்போது தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். அதில் கட்டாயமாகப் பார்ப்பது தட்டம்மை, தொண்டை அடைப்பான் இரண்டுக்கான ஊசிகளை மட்டும்தான். பாஸ் கைக்கு வந்ததும் எல்லா ஊசியும் முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். நிமோகாக்கல் ஊசி அங்கேதான் விட்டுப்போகிறது.

நிமோகாக்கஸ் என்பது இருமல், தும்மலில் பரவும் கிருமி. நிமோனியா மட்டுமல்ல, மூளைக்காய்ச்சலும் இரத்தத்தில் தொற்றும் வரலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

ஊரிலிருந்து கொண்டுவந்த தடுப்பூசி அட்டையை எடுத்து 'பிசிவி' (PCV, நிமோகாக்கல் ஊசியின் சுருக்கப் பெயர்) என்ற வரியைத் தேடுங்கள். தமிழ்நாட்டு அரசு மையங்களில் இது 2021இல்தான் இலவசமாக வந்தது. அதற்கு முன் பிறந்த பிள்ளைகளில், தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துப் போட்டவர்களுக்குத்தான் பெரும்பாலும் இருக்கும். அட்டவணையும் வேறு. அங்கே ஆறு வாரம், 14 வாரம், ஒன்பது மாதம். இங்கே நான்கு, ஆறு, 12 மாதம். நடுவில் இடம் மாறிய குழந்தைக்கு இன்னும் எத்தனை ஊசி வேண்டும் என்பதை நீங்களே கணக்குப் போடாதீர்கள். அட்டையோடு பலதுறை மருந்தகத்துக்கோ (பாலிகிளினிக்) குழந்தை மருத்துவரிடமோ போங்கள், வயதைப் பார்த்து அவர்கள் சொல்வார்கள்.

செலவு விஷயம். சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்குப் பலதுறை மருந்தகத்தில் இலவசம். பாஸில் இருக்கும் நமக்கு முழுக் கட்டணம். கிளினிக்குக்குக் கிளினிக் விலை மாறும், இரண்டு மூன்று இடங்களுக்குப் போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். கம்பெனி காப்பீட்டில் தடுப்பூசி சேருமா என்றும் முதலிலேயே விசாரியுங்கள். சேராவிட்டாலும் இந்தச் செலவைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதே என் கருத்து.

அப்புறம், உங்களோடு தங்க வரும் அப்பா அம்மா. 65 வயது நிறைந்தவர்களுக்கு இங்குள்ள பெரியவர்களுக்கான அட்டவணையே இந்த ஊசியைப் பரிந்துரைக்கிறது. சர்க்கரை, இதயக் கோளாறு, நாள்பட்ட நுரையீரல் நோய் இருந்தால் 65 வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு, அதனால் உங்களுக்கே தேவைப்படலாம், கேட்டுப் பாருங்கள். ஃப்ளூ ஊசியையும் அதே நாளில் மற்ற கையில் போட்டுக்கொள்ளலாம். பெற்றோரின் மருந்துச் சீட்டுகளையும் பழைய ஊசி விவரங்களையும் ஊரிலிருந்து கிளம்பும்போதே பையில் வைக்கச் சொல்லுங்கள். முன்பு எந்த வகை ஊசி, எப்போது போட்டார்கள் என்று தெரிந்தால்தான் மருத்துவர் அடுத்ததை முடிவு செய்ய முடியும்.