அப்பாவுக்கு விஆர் கண்ணாடி மாட்டுவது எப்படி?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுச் சமையலறை வாசலுக்கு வந்ததும் அப்பாவின் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பார்க்கின்சன் நோயில் இதை ‘உறைதல்’ என்பார்கள். ஆனால் தரையில் கலர் டேப்பைக் கோடு கோடாக ஒட்டினால் தாண்டித் தாண்டிப் போய்விடுவார். ரயில்வேயில் ஸ்லீப்பர் கட்டை மேல் நடந்த கால் அல்லவா! மூளையில் டோபமைன் என்ற, அசைவுக்கு உதவும் ரசாயனம் குறையும்போது, யோசிக்காமல் நடந்த நடை தடுமாறுகிறது. கண்ணுக்கு ஒரு குறி கிடைத்தால் மூளை வேறு பாதையில் காலை நகர்த்திவிடுகிறது. விஆர் (மெய்நிகர்) கண்ணாடி, அதாவது கண் முன்னே கணினிக் காட்சியைக் காட்டும் ஹெட்செட், மாட்டி ஆடும் விளையாட்டும் இப்படித்தான் குறி கொடுக்கிறது.

வாங்குவதற்கு முன் பிசியோதெரபிஸ்டைக் கேளுங்கள். மூளைக்குள் மின்கருவி பொருத்தியிருந்தால் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. ஹெட்செட்டில் இருக்கும் காந்தம் அந்தக் கருவியைப் பாதிக்கலாம்.

அடுத்து நேரம். அவசரப்பட்டு நான் சொதப்பியது இதில்தான். பார்க்கின்சனுக்கான லெவோடோபா மாத்திரை போட்டவுடன் மாட்டிவிட்டேன். அப்பாவுக்குக் கை எழவே இல்லை. மருந்து பிடித்து, உடம்பு இலகுவான பிறகு தொடங்குங்கள்.

இடம்: கைப்பிடி வைத்த, சக்கரமில்லாத நாற்காலி. கால்மிதி, ஒயர் எல்லாம் ஓரம் போகட்டும். ஹெட்செட்டில் ‘உட்கார்ந்த நிலை’ எல்லையைத் தேர்ந்தெடுங்கள். அவர் பார்ப்பது உங்கள் போனிலும் தெரியும்படி இணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் “எதை அழுத்த?” என்று அவர் கேட்கும்போது நீங்களும் முழிப்பீர்கள். ஹெட்செட் அரை கிலோ கனம். பட்டையை இறுக்கிக் கழுத்தை வதைக்காதீர்கள். கையில் பிடிக்கும் கன்ட்ரோலரின் வாரை மணிக்கட்டில் மாட்ட மறக்க வேண்டாம்.

பலூன் குத்துவது, பந்து பிடிப்பது போதும். கையை நன்றாக வீசி எட்டச் சொல்லுங்கள். காட்சி தானாக நகரும் விளையாட்டு வேண்டாம், தலை சுற்றும். முதல் நாள் ஐந்து நிமிடம். நின்று ஆடுவதெல்லாம் பிசியோ சரி என்ற பிறகு, பக்கத்தில் ஓர் ஆள் இருக்கும்போது மட்டும்.

மாயம் எதிர்பார்க்காதீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2016-இல் வெளியிட்ட தொகுப்பு 8 சோதனைகளில் 263 பேரைப் பார்த்தது. காலடி நீளம் கூடியது. சமநிலையில் வழக்கமான பிசியோவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அதனால் பிசியோவை நிறுத்திவிடாதீர்கள்.

கழற்றியதும் உடனே எழுப்ப வேண்டாம், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். கொஞ்ச நேரம் உட்காரட்டும். அப்புறம் டேப் கோடுகளைத் தாண்டிச் சமையலறைக்கு நடக்கட்டும். அப்பாவின் கோப்பி ஓ (பால் இல்லாத காபி) அங்கேதான் ஆறிக்கொண்டிருக்கும்.